திண்ணைப் பேச்சு: உப்பில்லாத மோர் மிளகாய்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் மோர் மிளகாயும் மணத்தக்காளி வற்றலும் போடுவது பற்றி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்தபடியே இருக்கின்றன. மிளகாயைக் கீறிப் போடுவதா, ஊசியால் குத்திப் போடுவதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையே போட்டிருக்கிறீர்கள். இன்றைக்கு அவற்றில் ஒரே ஒரு கடிதத்துக்கு மட்டும்தான் பதில் எழுதப் போகிறேன்.

எழுதியவர் ஒரு தாயார். ஊரையும் பேரையும் நான் சொல்லப் போவதில்லை. "உப்பே சேர்க்காமல் மோர் மிளகாய் போட முடியுமா அம்மா? என் மகளுக்கு 23 வயசு. எஸ்.எல்.இ. என்று ஒரு வியாதி வந்து, அது சிறுநீரகத்தில் இறங்கியிருக்கிறது. உப்பு கூடாது என்கிறார் டாக்டர். அவளுக்கோ மோர் மிளகாய் இல்லாமல் தயிர் சாதம் இறங்காது" என்று எழுதியிருக்கிறார். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, காகிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னும் ஒரு வரி. "அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். சொல்லலாமா, சொல்லாமலே இருந்துவிடலாமா?"

அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதே வியாதி எங்கள் வீட்டிலும் இருக்கிறது. என் மருமகளுக்கு. வடாமிலிருந்து வளைகாப்பு வரை எல்லாவற்றையும் இந்தத் திண்ணையில் உட்கார்ந்து உங்களிடம் பேசிய நான், இதை மட்டும் பேசியதில்லை. அது அவள் உடம்பு, அவள் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி நிஜம். மீதிப் பாதி, நான் செய்த தப்பும் சேர்ந்து வெளியே வருமே என்பது. கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "எழுதுங்க அத்தை. அந்த மொட்டை மாடிக் கதையிலேருந்தே எழுதுங்க" என்றாள்.

2018 மே மாதம். கத்திரி வெயில். நாங்கள் இருப்பது திருச்சியில். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேரனுக்கு அப்போது ஒன்றரை வயசு. வருஷா வருஷம் போல வடாமுக்கு மாவு கிளறினேன். பிழிவது மருமகள். பிழிந்த பிறகு காக்காய்க்குக் காவலாக மாடியில் உட்காருவதும் அவள்தான். குடை எடுத்துக்கொண்டு போ என்று கூட நான் சொல்லவில்லை. நாலாம் நாள் பார்த்தால் இரண்டு கன்னமும் சிவந்து, மூக்குத் தண்டின் மேலேயும் அந்தச் சிவப்பு ஓடி, ஒரு பட்டாம்பூச்சி சிறகை விரித்து முகத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. "வெயில் கடிச்சிருக்கு, சந்தனம் அரைச்சுப் பூசிக்கோ" என்றேன். முடிந்தது வைத்தியம்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் கொட்டும் என்றேன். வாயில், மேல் அண்ணத்தில் புண்; வலி கூட இல்லை. மணத்தக்காளிக் கீரை மசித்துப் போட்டேன். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை, சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை என்றாள். இதற்கு நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. மனசுக்குள் சொன்னதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. வேலைக்குச் சோம்பல் என்றுதான் நினைத்தேன். சாயந்திரமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். அதற்கு ஒரு கஷாயம்.

பாருங்கள், தனித்தனியாக எடுத்தால் எல்லாவற்றுக்கும் நம் கையில் ஒரு பதில் இருக்கிறது. சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

ஆவணி மாதம் கால் வீங்க ஆரம்பித்தது. கொலுசு பதிந்த இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. காலையில் எழுந்து வந்தால் கண் இமை உப்பியிருக்கும். ராத்திரி அழுதாளோ என்று பையனை நான் சந்தேகப்பட்டேன்! ஒரு நாள் அவளே தயங்கித் தயங்கி, "அத்தை, ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணி மாதிரி நுரை நிக்குது. தண்ணி ஊத்தினாலும் போக மாட்டேங்குது" என்றாள். சூடு என்று பார்லி வேகவைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கொடுத்திருப்பேன். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் அடி வயிறு கலங்குகிறது.

எங்கள் தெருமுனையில் வயசான டாக்டர் ஒருவர் இருந்தார். பேரனுக்கு ஊசி போடப் போன இடத்தில், குழந்தையைப் பார்க்காமல் தாயாரின் முகத்தையே பார்த்தார். பிரஷர் கட்டினார், 160க்கு 100. இருபத்தாறு வயசுப் பெண்ணுக்கு! சிறுநீரைக் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் பிடித்துவரச் சொல்லி, விளக்கில் காட்டி எங்கள் கண் முன்னாலேயே சூடுபடுத்தினார். இரண்டு சொட்டு அமிலம் விட்டார். கொதிக்கிற தண்ணீரில் முட்டையை உடைத்து ஊற்றின மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திரிந்து வந்தது. "இது புரதம்மா. ரத்தத்துல இருக்க வேண்டியது இங்க வருது. நுரைக்கும் இதுதான் காரணம், முட்டை வெள்ளைக்கருவை அடிச்சா நுரைக்குமே அந்த மாதிரி" என்றார். கன்னச் சிவப்பு, மூட்டு வலி, முடி, வாய்ப்புண் எல்லாவற்றையும் அவராகவே வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவள் "ஆமாம்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் அனுப்பிய சிறுநீரக டாக்டரிடம்தான் வியாதியின் பெயர் தெரிந்தது. லூபஸ். லத்தீன் மொழியில் ஓநாய் என்று அர்த்தமாம். முகத்தில் வருகிற புண்ணை ஓநாய் கடித்த மாதிரி இருக்கிறது என்று ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் வைத்த பெயர். நம் உடம்பில் கிருமியை அடித்து விரட்டக் காவல் படை ஒன்று இருக்கிறது அல்லவா? அது புத்தி பேதலித்துப் போய், வீட்டுக்காரனையே திருடன் என்று நினைத்து அடிக்கத் தொடங்குகிறது. தோலை அடிக்கும், மூட்டை அடிக்கும், சிலருக்கு நுரையீரலையும் இருதயத்தையும் சுற்றியுள்ள உறையை அடிக்கும். லூபஸ் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு என்றைக்காவது சிறுநீரகத்தைத் தொடுகிறது. பிள்ளை பெறும் வயதில் பத்துப் பேருக்கு வந்தால் ஒன்பது பேர் பெண்கள்தான். ஒட்டுவாரொட்டி அல்ல, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. யாருடைய சாபமும் அல்ல. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் உறவிலேயே ஒருத்தி பேரனைத் தாயிடம் படுக்க விடாதே என்றாள்.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் பொடிச் சல்லடைகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றரை லிட்டரோ இரண்டு லிட்டரோ மட்டும் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. மற்றதெல்லாம் உள்ளேயே திரும்பிவிடுகிறது. நம் வீட்டு மாவு சல்லடையில் பிசுக்கு அடைத்துக்கொண்டு கம்பி விட்டுப் போனால் என்ன ஆகும்? அப்படித்தான். லூபஸில், கிருமியை அடிக்க வேண்டிய பொருள்கள் அந்தச் சல்லடையில் போய்ப் படிந்து, அங்கே அழற்சி உண்டாகிறது. புரதம் ஒழுகுகிறது, ரத்த அணுக்கள் கசிகின்றன, பிரஷர் ஏறுகிறது. கவனிக்காமல் விட்டால் சல்லடை தழும்பாகிவிடும். தழும்பான சல்லடை திரும்பி வராது.

இதிலே பெரிய பொல்லாத்தனம் என்னவென்றால், வலிக்கவே வலிக்காது. சிறுநீரகத்தில் கோளாறு என்றால் இடுப்பு வலிக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கல் இருந்தால் வலிக்கும். இதற்கு ஒரு வலியும் இல்லை. நுரை, வீக்கம், பிரஷர் இவ்வளவுதான். சிலருக்கு நுரை கூடத் தெரியாமல், சோதனையில் மட்டும் தெரியும்.

ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் பிடித்து அளந்தார்கள். சாதாரணமாக ஒரு நாளைக்கு 150 மில்லி கிராமுக்கு மேல் புரதம் போகக் கூடாது. அவளுக்கு 3800 போயிருந்தது. ரத்தத்தில் என்னென்னவோ சோதனை. கடைசியில் பயாப்ஸி. அந்த வார்த்தையைக் கேட்டதும் சம்பந்தி அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். புற்று நோய்க்குத்தானே அது எடுப்பார்கள் என்று அவருக்குப் பயம். அப்படி இல்லை. குப்புறப் படுக்க வைத்து, முதுகில் மரக்க ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் சிறுநீரகத்திலிருந்து நூல் அளவுக்குச் சதை எடுக்கிறார்கள். பிறகு ரத்தம் கசியாமல் இருக்க ராத்திரி முழுக்க அசையாமல் படுக்க வேண்டும். சதையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் இது எந்த வகுப்பு என்று தெரியும். ஆறு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றும் நாலும் கடுமையானவை, ஆனால் மருந்துக்குக் கட்டுப்படக்கூடியவை. ஐந்தில் புரதம் நிறையப் போகும். ஆறு என்றால் தழும்பாகி முடிந்துபோனது. வகுப்புக்குத் தகுந்தபடி மருந்து மாறும். அதனால் பயாப்ஸி வேண்டாம் என்று யாரும் தட்டிக் கழிக்காதீர்கள். என் மருமகளுக்கு வந்தது நாலு.

மூன்று நாள் சலைன் பாட்டிலில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். பிறகு மாத்திரை. ஸ்டீராய்டு மாத்திரை, மைகோஃபினோலேட் என்று காவல் படையை அடக்கும் மாத்திரை, ஹைட்ராக்ஸி குளோரோகுயின், பிரஷருக்கு ஒன்று (அந்தப் பிரஷர் மாத்திரை புரத ஒழுக்கையும் குறைக்குமாம்), எலும்புக்குக் கால்சியம். நவராத்திரிக் கொலுப் படி மாதிரி மாத்திரை டப்பா.

ஸ்டீராய்டு என்றாலே நமக்கு ஒரு கசப்பு. எனக்கும் இருந்தது. ஆனால் அதன் கதையைக் கேட்ட பிறகு ஒரு மரியாதை வந்துவிட்டது. அமெரிக்காவில் மேயோ கிளினிக் என்ற ஆஸ்பத்திரியில் 1948ல்தான் லூபஸ் நோயாளிகளிடம் காணப்படும் ஒரு விசேஷ அணுவை ஹார்க்ரேவ்ஸ் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் கண்டு எழுதினார்கள். அதே ஆஸ்பத்திரியில் அதே வருஷம் ஹென்ச் என்பவர் முடக்கு வாதத்தில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு முதல் தடவையாக கார்ட்டிசோன் ஊசி போட்டார். 1950ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. 1950களின் நடுவில் கூட லூபஸ் என்று தெரிந்தவர்களில் சுமார் பாதிப் பேர்தான் நாலு வருஷத்தைத் தாண்டினார்கள். சிறுநீரகத்தில் இறங்கிவிட்டால் அதுவும் இல்லை. இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் பல வருஷங்கள் குடும்பம் நடத்துகிறார்கள் என்றால், நாம் திட்டுகிற அந்த மாத்திரைக்கும் பிறகு வந்த மாத்திரைகளுக்கும்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இந்தக் கதையெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. இனிமேல்தான் என் தப்பு வருகிறது.

இரண்டு மாதத்தில் அவள் முகம் முழு நிலா மாதிரி உருண்டுவிட்டது. கன்னத்தில் முடி, முகப்பரு, கழுத்துக்குப் பின்னால் சதை. கல்யாண ஆல்பத்தில் இருப்பவளும் இவளும் ஒருத்திதான் என்றால் நம்ப முடியாது. தெருவில் பார்ப்பவர்கள், "என்ன, மறுபடியும் விசேஷமா?" என்று கேட்பார்கள். அவள் சிரித்துவிட்டு உள்ளே வந்து கண்ணாடிக்கு ஒரு துண்டைப் போட்டு மூடுவாள். 2019 தை மாதம் எங்கள் வீட்டுப் பெரிய கல்யாணம் ஒன்று வந்தது. சிறுநீரில் புரதம் அதற்குள் 900க்கு இறங்கியிருந்தது. ஸ்டீராய்டும் 10 மில்லி கிராமுக்குக் குறைந்திருந்தது. "அதான் சரியாயிடுச்சே. கல்யாணம் வரைக்கும் நிறுத்திப் பாரேன், முகம் வடியும்" என்று சொன்னவள் நான். என் ஓர்ப்படி ஊரிலிருந்து ஒரு பொடி கொண்டுவந்திருந்தாள். மாத்திரைகளை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டு அந்தப் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். டாக்டரைக் கேட்கவில்லை, பையனிடம் சொல்லவில்லை. மூன்று வாரம்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மண்டபத்தில் பரிசத் தட்டு எடுத்துக்கொண்டு வந்தவள், தட்டோடு சரிந்துவிட்டாள். இரண்டு நாளாகவே வாந்தி, தலை சுற்றல். கல்யாண அலைச்சல் என்று நினைத்தோம். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் டாக்டர் விளக்கினார். மாதக் கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போது, உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் தூங்கிவிடுகிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் உயிருக்கே ஆபத்து. படிப்படியாகத்தான் இறங்க வேண்டும், மாடிப்படி மாதிரி, குதிக்கக் கூடாது. புரதம் மறுபடி 2600க்கு ஏறியிருந்தது. பொடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இதுல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, கொடுத்தவங்களுக்கும் தெரியாது. சில பொடியில பாதரசமும் ஈயமும் இருக்கு, அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கு ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் நான்தான் படுத்திருந்தேன். "அத்தை, நானும்தானே சம்மதிச்சேன்" என்றாள், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு. அவள் அப்படிச் சொன்னதும்தான் எனக்கு அழுகையே வந்தது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கன்னச் சிவப்புக்கு என்று முகத்தை வெளுக்க வைக்கும் க்ரீம் ஒன்றும் யாரோ வாங்கிக் கொடுத்தார்கள். அதை மட்டும் நல்ல வேளையாக அவள் தொடவில்லை. 2023ல் கேரளத்தில் மலப்புரம் பக்கம் இப்படிப்பட்ட க்ரீம் பூசிக்கொண்ட சிலருக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகும் வியாதி வந்து, ஆராய்ந்ததில் க்ரீமில் பாதரசம் இருந்தது. அது லூபஸ் அல்ல, வேறு. ஆனாலும் ஒழுகுவது அதே சல்லடைதான். கம்பெனிப் பெயர், சேர்மானம் ஒன்றும் அச்சிடாத டப்பாவை வீட்டுக்குள் விடாதீர்கள்.

மாத்திரைக்குத் திரும்பியதில் நாலைந்து மாதத்தில் மறுபடி கட்டுக்குள் வந்தது. முகமும் மருந்து குறையக் குறையத் தானாக வடிந்தது. ஒரு வருஷம் ஆயிற்று, அவ்வளவுதான்.

2020 மார்ச் மாதத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸி குளோரோகுயின் நல்லது என்று ஒரு பேச்சு கிளம்பியதோ இல்லையோ, கடைகளில் மாத்திரை மாயமாகிவிட்டது. லூபஸ் உள்ளவர்களுக்கு அது அன்றாட அரிசி மாதிரி. வியாதி மறுபடி சீறாமல் பிடித்துவைப்பதே அதுதான். கர்ப்பத்தில் கூட நிறுத்துவதில்லை. அந்த மாதக் கடைசியில் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. பையன் ஊரடங்கில் போலீஸ்காரரிடம் சீட்டைக் காட்டிக் காட்டி ஒன்பது கடை ஏறி இறங்கி, ஒரே ஒரு அட்டையோடு வந்தான். அதே வாரம் பக்கத்து வீட்டு மாமா, "உங்க வீட்லதான் அந்த மாத்திரை இருக்காமே, முன்ஜாக்கிரதையா நாலு கொடுங்களேன்" என்று கேட்டார். இருபது வருஷப் பழக்கம். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம்தான். பிறகு நடந்த பெரிய ஆராய்ச்சிகளில் கொரோனாவுக்கு அது பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் அந்த நாலு மாத்திரை நாலு நாள்.

அந்த மாத்திரைக்கு ஒரே ஒரு கணக்கு உண்டு. நோயாளியின் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லி கிராமுக்கு மேல் போகாமல் டாக்டர் கணக்குப் போட்டுத் தருவார். கண்ணின் உள்திரையைப் பாதிக்கலாம் என்பதால் ஆரம்பத்தில் ஒரு தடவை, பிறகு அவர் சொல்கிறபடி வருஷத்துக்கு ஒரு தடவை கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு குழந்தை வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எனக்குப் பயம். 2021ல் இருவரும் சேர்ந்து போய் டாக்டரிடம் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை அவர். வியாதி குறைந்தது ஆறு மாதமாவது தூங்கிக்கொண்டிருக்க வேண்டும், பிரஷர் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார். மைகோஃபினோலேட் வயிற்றுக் குழந்தையின் அங்கங்களைக் கெடுக்கக் கூடியது. அதனால் குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு ஆறு வாரமாவது முன்னாலேயே அதை நிறுத்தி, அஸதயோபிரின் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார். மாற்றிய பிறகும் வியாதி அடங்கியிருக்கிறதா என்று சில மாதம் பார்த்தார். பிரஷர் மாத்திரையையும் மாற்றினார். குழந்தையின் இதயத் துடிப்பைத் தடுக்கக் கூடிய ரோ என்ற பொருள் தாயின் ரத்தத்தில் இருக்கிறதா என்று சோதித்தார், அவளுக்கு இல்லை. மூன்றாம் மாதத்திலிருந்து சின்ன அளவில் ஆஸ்பிரின். 2022ல் 36 வாரத்தில் பேத்தி பிறந்தாள். இரண்டு கிலோ முந்நூறு. இப்போது வீட்டில் எல்லோரையும் அதட்டுவது அவள்தான்.

இனி, அந்தத் தாயாரின் பொடி எழுத்து. நான் மாமியார் ஸ்தானத்தில் இருந்து சொல்கிறேன்: சொல்லிவிடுங்கள் அம்மா. நியாயம், தர்மம் அதெல்லாம் ஒரு பக்கம். மேலே எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். மறைத்துக் கட்டிக் கொடுத்தால், உங்கள் பெண் தினமும் மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வேண்டும். விருந்தாளி வந்த நாள், ஊருக்குப் போன நாள், புருஷன் பக்கத்தில் இருக்கும் நேரம் எல்லாம் விட்டுப்போகும். மூன்று வாரம் விட்டதற்கு எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறேன். மாமியார் காலை நாலு மணிக்குக் குளிரக் குளிர விரதம் இருக்கச் சொல்வாள், வெயிலில் வடாம் காயவைக்கச் சொல்வாள், தலைவலிக்கு வலி மாத்திரை கொடுப்பாள். சாதாரண வலி மாத்திரைகளில் பல இந்தச் சிறுநீரகத்துக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் சாப்பிடும் மருந்து கர்ப்பத்துக்கு ஆகாததாக இருந்தால்? ஒன்றும் தெரியாத வீட்டில் மூன்றாம் மாதமே "என்ன விசேஷம்" என்று கேட்பார்கள். அவசரத்தில் உண்டாகிவிட்டால் குழந்தைக்கும் ஆபத்து, அவளுக்கும் ஆபத்து. கல்யாணத்துக்கு முன்பே உங்கள் டாக்டரிடம் குழந்தை தள்ளிப்போடும் வழியையும் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ட கருத்தடை மாத்திரையையும் இவர்கள் சாப்பிடக் கூடாது.

பெண் பார்க்கும் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேரும் தனியாகப் பேசும்போது உங்கள் பெண்ணே பையனிடம் சொல்லட்டும். பிறகு பையனை டாக்டரிடம் ஒரு நடை கூட்டிப் போங்கள். நாலு இடம் தட்டிப்போகலாம், மறைக்கவில்லை. ஐந்தாவதாக வருகிறவன் தெரிந்தே வருவான்.

டாக்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வியாதியைச் சிறுநீரக டாக்டரும் வாத நோய் டாக்டரும் சேர்ந்து பார்ப்பது நல்லது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யிலும் இருக்கிறது. புது மருந்துகளும் வருகின்றன. சிறுநீரக லூபஸுக்கென்றே அமெரிக்காவில் 2020 டிசம்பரில் ஒன்றுக்கும் 2021 ஜனவரியில் இன்னொன்றுக்கும் அனுமதி கிடைத்தது. விலைதான் பயமுறுத்துகிறது. என் மருமகளுக்குப் பழைய மருந்துகளே போதுமாக இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சிறுநீர், ரத்தம், பிரஷர். நன்றாக இருக்கும்போதும் போகிறாள், அதுதான் முக்கியம்.

சாப்பாட்டு விஷயம் எனக்குத் தெரிந்த விஷயம். முதலில், "புரதம் ஒழுகுதே" என்று முட்டையும் பருப்பும் கூட்டிக் கூட்டிப் போட்டேன். டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். ஒழுகுவதை மருந்துதான் நிறுத்த வேண்டும். அளவுக்கு மேல் போட்டால் சல்லடைக்குத்தான் வேலை. உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு சின்ன ஸ்பூன் தலை தட்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றிலேயே அது தீர்ந்துவிடும். அப்பளத்தில் உப்பு மட்டுமல்ல, அப்பளக்காரமும் சேர்கிறது. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், பலவீனமான சிறுநீரகத்துக்கு அது வேறு வம்பு. ஆரம்பத்தில் அவளுக்கு மட்டும் உப்புப் போடுவதற்கு முன்னால் சாம்பாரைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவைத்தேன். தீட்டுக்கு ஒதுக்கிவைத்த மாதிரி அவள் அதை எடுத்துக்கொண்டு மூலையில் உட்காருவதைப் பார்த்து, மறு வாரமே வீடு முழுக்கப் பாதி உப்பு என்று ஆக்கிவிட்டேன். வேண்டுமென்கிறவர் மேலே தூவிக்கொள்ளட்டும். எங்கள் வீட்டுக்காரருக்கும் பிரஷர் கொஞ்சம் இறங்கியது, அது உபரி லாபம். வடாம் இப்போது நானே பிழிகிறேன். காக்காய்க்குக் காவல் பேரன்.

சரி, மோர் மிளகாய். உப்பில்லாமல் மோரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் பூசணம் பூத்துவிடும், செய்யாதீர்கள். நான் செய்து கொட்டியிருக்கிறேன். அதற்குப் பதில், காரம் குறைந்த குண்டு மிளகாயாக ஆறு எடுத்துக் கீறி, விதையை வழித்துவிட்டு, ராத்திரி கெட்டியான புளித்த தயிரில் போட்டுக் குளிர்ப் பெட்டியில் வையுங்கள். தயிரில் கொஞ்சம் வறுத்த வெந்தயப் பொடியும் சீரகப் பொடியும் சேருங்கள். உப்பு இல்லாத குறையை அந்தக் கசப்பும் புளிப்பும்தான் மறைக்கும். மறுநாள் மதியம் வழித்து எடுத்து, இரும்புச் சட்டியில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, சின்னத் தீயில் கறுகறுவென்று வரும்வரை பிரட்டுங்கள். சுடச்சுடத் தொட்டுக்கொள்ள வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது, கெட்டுப்போகும். இதற்கு ஊசியால் குத்தினால் தயிர் உள்ளே இறங்காது, கீறித்தான் போட வேண்டும்.